சுருட்டு ஊரும் பிதுங்கிய கண்ணும்

1887-ல் வெளியான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையில்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் முதல்முறையாக உலகத்துக்கு அறிமுகமாகிறார். கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று சொல்லிவிடுவார். திருச்சிக்காரர்கள் இன்றும் இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. சொல்லட்டும். ஆனால் திருச்சியில் சுருட்டு சுற்றினார்களே தவிர, அதற்கான இலையில் நல்ல பங்கு திண்டுக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து போனது. பெயர் அவர்களுக்கு, இலை நம்முடையது.

இந்தக் கதையை எழுதிய ஆர்தர் கானன் டாயில் ஒரு டாக்டர் என்பது பலருக்கும் தெரியும். அவர் கண் டாக்டராகவும் முயன்றவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1891-ல் கண் மருத்துவம் படிக்க வியன்னா போனார். திரும்பி வந்து லண்டனில் அப்பர் விம்போல் தெருவில் அறை எடுத்து உட்கார்ந்தார். ஒரு நோயாளிகூட வரவில்லை என்று அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சும்மா இருந்த நேரத்தில்தான் ஹோம்ஸ் சிறுகதைகள் பிறந்தன. நமக்கு லாபம்.

திண்டுக்கல் புகையிலை பற்றிக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருந்தபோது இந்த இரண்டு தகவலும் அடுத்தடுத்து கண்ணில் பட்டன. புகை ஒரு பக்கம், கண் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. சிலருக்கு தைராய்டு கெட்டால் கண்ணும் கெடும். அந்தக் கண் நோயை வரவழைப்பதிலும் முற்ற வைப்பதிலும் புகைக்கு ஒரு பங்கு உண்டு. இதை மருத்துவ உலகம் கவனித்து எழுதியது 1987-ல், அந்தச் சாம்பல் கதை வந்து சரியாக நூறு வருஷம் கழித்து. இந்தக் கட்டுரை அந்தத் தாமதத்தைப் பற்றியது.

முதலில் நோய். நம் ஊரில் "எனக்கு தைராய்டு இருக்கு" என்பார்கள். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது! அது குறைவாகச் சுரந்தாலும் அதே வார்த்தை, அதிகமாகச் சுரந்தாலும் அதே வார்த்தை. இந்த மொழிப் பழக்கத்தில்தான் பாதிக் குழப்பம். கண்ணைத் தாக்குவது பெரும்பாலும் அதிகமாகச் சுரக்கும் வகை. அதிலும் கிரேவ்ஸ் நோய் எனப்படுவது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன் சொந்தத் தைராய்டையே எதிரியாக நினைத்து அதைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். நெஞ்சு படபடக்கும், உடம்பு இளைக்கும், கை நடுங்கும், வியர்க்கும். அதே எதிர்ப்புச் சக்தி கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் தசைகளையும் தாக்கினால் அவை வீங்கும். கண் உட்கார்ந்திருக்கும் குழி, சுற்றிலும் எலும்பு. முன்பக்கம் மட்டும்தான் வாசல். உள்ளே வீங்கினால் கண் முன்னே தள்ளப்படும். தள்ளவும் வழியில்லாமல் நெருக்கினால், குழியின் கோடியில் பார்வை நரம்பு நசுங்கும். பார்வை போவது பெரும்பாலும் அப்படித்தான்.

கழுத்து வீக்கத்தையும் பிதுங்கிய கண்ணையும் சேர்த்துப் பார்த்தவர்களில் 12-ஆம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அல்-ஜுர்ஜானி மிகவும் முந்தியவர். ஐரோப்பாவில் கேலப் பாரி 1786-லேயே முதல் நோயாளியைப் பார்த்தார். ஆனால் அவர் குறிப்புகள் அச்சானது அவர் இறந்த பிறகு, 1825-ல். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-ல் எழுதினார். ஜெர்மனியின் மெர்சபர்க்கில் கார்ல் வான் பேஸ்டோ 1840-ல் எழுதினார். அதனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது கிரேவ்ஸ் நோய், ஜெர்மனி பக்கம் பேஸ்டோ நோய். பேர் சண்டை நமக்கு வேண்டாம்.

எனக்கு அந்தப் பழைய குறிப்புகளில் உறைத்தது வேறு விஷயம். பேஸ்டோ விவரித்த பெண்களில் ஒருத்தியை ஊரார் புத்தி பேதலித்தவள் என்றே நினைத்தார்கள். வேகமாகப் பேசுகிறாள், பதறுகிறாள், கண்ணை உருட்டுகிறாள், வேறென்ன? கிரேவ்ஸும் தான் பார்த்த பெண்களின் படபடப்பைப் பற்றி எழுதும்போது ஹிஸ்டீரியாப் பக்கம் ஒரு எட்டு போய்த்தான் வருகிறார். அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நம் பக்கம் என்ன நடக்கிறது? மேல் இமை மேலே ஏறிக்கொண்டால் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அது கோபமாகத் தெரியும். "ஏன்டி இப்படி முறைக்கிற?" என்று மாமியார் கேட்பார். "எப்பப் பாரு முழிய உருட்டிக்கிட்டு" என்பார்கள். படபடப்பும் எரிச்சலும் இந்த நோயின் குணங்கள் என்பதால் அந்தப் பெண் உண்மையிலேயே வெடுக்கென்று பதில் சொல்லவும் கூடும். அப்புறம் அவளுக்குத் திமிர் என்று பெயர். திமிர், திருஷ்டி, காத்துக்கருப்பு என்ற எல்லா வாசலையும் தட்டிவிட்டுக் கடைசியில் டாக்டரிடம் வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். இந்த நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் வந்தால் ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் கடுமையாக வருகிறது.

கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தவர்கள் அடுத்து வந்தார்கள். பெர்லினில் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே 1864-ல் ஒரு அடையாளம் சொன்னார்: நோயாளியை மெதுவாகக் கீழே பார்க்கச் சொன்னால், கண் இறங்கும், மேல் இமை கூடவே இறங்காமல் பின்தங்கும். 1869-ல் வியன்னாவின் ஸ்டெல்வாக், இவர்கள் கண் சிமிட்டுவது குறைவு என்றார். விரல் ஒன்று போதும், டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. 160 வருஷமாகியும் இந்தப் பரிசோதனைகள் பழசாகவில்லை. வியன்னாவில் கண் படித்த டாயில் இவற்றைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம்.

மூன்றாம் மைசூர் யுத்தத்தின் முடிவில், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திண்டுக்கல் சீமை கம்பெனியாரின் கைக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் புகையிலை இந்த ஊரின் அடையாளமானது. மவுண்ட் ரோட்டில் பெரிய கடை வைத்திருந்த அதே ஸ்பென்சர் கம்பெனி, திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 1906-ல் வந்த பிரான்சிஸின் மதுரை கெசட்டியரில் இந்தத் தொழில் பேசப்படுகிறது. சர்ச்சில் இங்கிருந்து போன சுருட்டைத்தான் பிடித்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. இதே கதை திருச்சியிலும் உண்டு. அவர் வாயில் எத்தனை ஊர்ச் சுருட்டுதான் இருந்திருக்கும்!

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், 1948-ல், வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சுருட்டுக்கு மவுசு குறையக் குறைய, அங்கே மெல்லும் புகையிலைக்கு முக்கியத்துவம் கூடியது. வெளியிட்ட ரகங்களுக்கு மீனாட்சி, அபிராமி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். அபிராமி திண்டுக்கல் கோயிலில் இருப்பவள், மீனாட்சி மதுரைக்காரி. மீன் போன்ற கண்ணை உடையவளின் பெயர் ஒரு புகையிலை ரகத்துக்கு! வைத்தவர் பக்தியில்தான் வைத்திருப்பார்.

திண்டுக்கல்லில் இந்தக் கண் நோய் மற்ற ஊர்களைவிட அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. புகையிலை விளைவதாலோ, அதைப் பாடம் போடுவதாலோ, மெல்லுவதாலோ கண் பிதுங்கும் என்றும் சொல்லவில்லை. கீழே நான் சொல்லப்போகும் ஆய்வுகள் எல்லாம் பிடிக்கும் புகையைப் பற்றியவை. மெல்லுகிறவர்களுக்கு வாய்ப்புற்று என்று தனிக் கணக்கு இருக்கிறது, அது இங்கே வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான்: நூறு வருஷத்துக்கு மேலாகப் புகையிலையைப் பெருமையாகப் பேசிய ஊரில், புகைக்கும் தைராய்டுக் கண்ணுக்கும் உள்ள சம்பந்தம் பேச்சிலேயே இல்லை. நுரையீரல் தெரியும், மாரடைப்பு தெரியும், தொண்டைப் புற்று சினிமா தியேட்டரில் போடும் விளம்பரத்தால் நன்றாகவே தெரியும். கண்? ஆஸ்திரேலியாவில் சிகரெட் பெட்டியின் மேலேயே கண் படத்தைப் போட்டு, புகைத்தால் பார்வை போகும் என்று அச்சிட்டார்கள். நம் பெட்டிகளில் பார்த்ததெல்லாம் வாயும் தொண்டையும் நுரையீரலும்தான்.

1987-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹேக், ஆஸ்ப்லுண்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். தலைப்பே ஒரு கேள்விதான்: இந்தக் கண் நோய்க்கும் புகைப்பதற்கும் சம்பந்தம் உண்டா? கண் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களில் புகைப்பவர்கள் வழக்கத்துக்கு மீறி இருந்ததைப் பார்த்துக் கேட்டார்கள். 1993-ல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரம்மல், வீர்ஸிங்கா இருவரும் கணக்கைத் துல்லியமாகப் போட்டார்கள். புகைப்பவர்களுக்குக் கண் பாதிக்காத கிரேவ்ஸ் நோய் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு. கண்ணையும் பாதிக்கும் கிரேவ்ஸ் நோய் வரும் வாய்ப்பு 7.7 மடங்கு. வித்தியாசத்தைக் கவனியுங்கள். புகை தைராய்டை லேசாக உரசுகிறது, கண்ணைப் பிடித்து உலுக்குகிறது.

1840-லிருந்து 1987 வரை 147 வருஷம். இத்தனைக்கும் 19-ஆம் நூற்றாண்டின் டாக்டர்களில் பாதிப் பேர் நோயாளியைப் பார்க்கும்போதே குழாயோ சுருட்டோ பிடித்தவர்களாக இருந்திருப்பார்கள். ஊரே புகைக்கும்போது புகை கண்ணுக்குத் தெரியாது. அதோடு, அன்றைய நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் வெளிப்படையாகப் புகைக்காத காலத்தில் அவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். இது என் ஊகம்தான், ஆனால் பொருந்தாத ஊகமாகத் தோன்றவில்லை.

1996-ல் ஜெர்மனியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வாழ்நாளில் மொத்தம் எத்தனை சிகரெட் ஊதினாய் என்பதைவிட, இன்று எத்தனை ஊதுகிறாய் என்பதுதான் கண்ணைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. அதாவது, விட்டவர்களுக்கு ஆபத்து குறைகிறது. "முப்பது வருஷமா பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்ற நம் ஊர் வாதம் இந்த நோயில் செல்லாது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: இது வெள்ளைக்காரர்களின் நோய்தானே? அதற்கும் ஒரு கதை உண்டு. 1992-ல் இங்கிலாந்தில் கிரேவ்ஸ் நோயாளிகளை இனவாரியாகப் பார்த்தார்கள். ஐரோப்பியர்களில் 42% பேருக்குக் கண் பாதிப்பு, ஆசியர்களில் 7.7% மட்டும். இதைப் படித்துவிட்டு நமக்கு வராது என்று ஒரு எண்ணம் பரவியது. ஆனால் 2014-ல் வட இந்தியாவின் ஒரு மேல்சிகிச்சை மையத்தில் 235 கிரேவ்ஸ் நோயாளிகளைப் பரிசோதித்தபோது 28% பேருக்குக் கண் பாதிப்பு இருந்தது. அதில் பெரும்பாலோருக்கு லேசான பாதிப்புதான், பார்வை போகும் அளவுக்கு 2% பேருக்கு. தேடினால் கிடைக்கிறது. லேசாக இருக்கும்போதே தேடினால்தான் பயன்.

தேடுவது யார்? நம் பக்கம் கண் சிகிச்சை என்றால் மதுரை அரவிந்த். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. திண்டுக்கல்லிலும் இப்போது அவர்கள் மருத்துவமனை இருக்கிறது. அவரைப் பற்றி ஒரு துணைத் தகவல்: இளம் வயதிலேயே கடும் முடக்குவாதம் வந்து அவர் விரல்கள் கோணிப்போயின, அந்த விரல்களால்தான் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். அந்த முடக்குவாதமும் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் வகைதான், கிரேவ்ஸ் நோய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன். கிராமம் கிராமமாகப் போன கண் முகாம்கள் தமிழ்நாட்டில் புரைநோய்க் குருடைப் பெரிய அளவில் விரட்டின. ஆனால் முகாமின் கேள்வி "எழுத்து தெரியுதா?" என்பது. தைராய்டுக் கண்ணில் ஆரம்பத்தில் எழுத்து நன்றாகவே தெரியும். அதனால் வரிசையில் நின்று தேறிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். முகாமைக் குறை சொல்லவில்லை, அது வேறு எதிரிக்காகக் கட்டிய கோட்டை.

அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், நீர் வடிதல், சிவப்பு. மெட்ராஸ் ஐ என்று நினைத்துச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள், வாரக்கணக்கில் போகாது. காலையில் எழுந்ததும் இமை உப்பியிருக்கும். கருவிழிக்கு மேல் வெள்ளை தெரியும். தூங்கும்போது இமை முழுசாக மூடாது, இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், குறிப்பாக மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கும்போது. ஒரு கண்ணில் மட்டும்கூட வரலாம். தைராய்டு ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே கண் நோய் முந்திக்கொண்டு வருவதும் உண்டு. பெரும்பாலும் தைராய்டுக் கோளாறுக்கு ஒன்றரை வருஷம் முன்னும் பின்னுமாக வரும்.

நிறம் வெளுத்துத் தெரிந்தால், சிவப்புச் சேலை மங்கலாகத் தெரிந்தால், பார்வை குறைந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நாளை என்று தள்ளக் கூடாது. அது பார்வை நரம்போ கருவிழியோ மாட்டிக்கொண்ட நிலை. அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரு கால அட்டவணை இருப்பதை ஆஸ்திரேலிய சர்ஜன் ரண்டில் 1945-ல் வரைந்து காட்டினார். கொஞ்ச மாதம் ஏறும், உச்சத்தில் நிற்கும், கொஞ்சம் இறங்கி அப்படியே உறைந்துவிடும். மொத்தம் ஒன்றரை, இரண்டு வருஷம். ஏறும்போது ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் வேலை செய்யும். உறைந்த பிறகு மருந்தால் பயன் குறைவு, ஆபரேஷன்தான். அந்த முதல் மாதங்களைத் திருஷ்டி கழிப்பதில் செலவழித்தால் என்ன இழப்பு என்பது இதிலிருந்து புரியும். 2020-ல் அமெரிக்காவில் டெப்ரோடுமுமாப் என்ற புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது, கண்ணை உள்ளே இறக்குகிறது. அங்கே ஒரு முழு சிகிச்சையின் விலை நம் பணத்தில் கோடியைத் தாண்டும். பீடியை விட இலவசம்.

சிகிச்சையாலேயே கண் கெடக்கூடிய இடமும் ஒன்று உண்டு. தைராய்டை அடக்கக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள், 1941-லிருந்து நடக்கிறது, நல்ல சிகிச்சைதான். ஆனால் இத்தாலியில் பார்ட்டலேனா குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில், அதை எடுத்தவர்களில் 15% பேருக்குக் கண் நோய் புதிதாக வந்தது அல்லது கூடியது. கூடவே ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களில் யாருக்கும் கூடவில்லை. புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே அந்தச் சிகிச்சைக்கு முன்னால் "எனக்குக் கண் உறுத்துது", "நான் பீடி பிடிப்பேன்" என்ற இரண்டு வாக்கியங்களையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு தைராய்டு மிகவும் இறங்கிப்போனாலும் கண்ணுக்குக் கேடு, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

செலினியம் மாத்திரை பற்றியும் கேட்பார்கள். 2011-ல் ஐரோப்பாவில் லேசான கண் நோய் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்து நல்ல பலன் பார்த்தார்கள். மண்ணில் செலினியம் குறைந்த பகுதிகளில் நடந்த ஆய்வு அது. மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ள அது வைட்டமின் மிட்டாய் இல்லை.

அயோடின் உப்பையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தூத்துக்குடி உப்பில் அயோடின் சேர்ப்பது அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலைக்காக. கிரேவ்ஸ் நோய் அயோடின் குறைவால் வருவதில்லை. கண் பிதுங்குகிறது என்று உப்பை மாற்றிப் பயனில்லை.

கண் டாக்டர்கள் இந்த நோயாளிகளிடம் கேட்கும் ஒரு பொருள் உண்டு: பழைய போட்டோ. கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, எதுவானாலும் சரி. அதில் மேல் இமை கருவிழியை எங்கே தொடுகிறது, இன்று எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, போட்டோவுக்குத் தெரியும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் யாராவது இருந்தால் ஒரு பழைய போட்டோவைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் விரலைப் பார்க்கச் சொல்லி, மெதுவாக மேலிருந்து கீழே இறக்குங்கள். இமை கூடவே இறங்குகிறதா என்று பாருங்கள்.